கோர்க்கியின் 'குழந்தைப் பருவம்': வீட்டு வன்முறையும் குழந்தை உள்ளமும்

மாக்சிம் கோர்க்கி என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது பெரும்பாலும் 'தாய்' நாவலேயாகும். தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பு வாயிலாகத் தமிழகத்திலும் ஈழத்திலும் பரவிய அந்நாவல் முற்போக்குச் சிந்தனையாளர் பலருக்கு ஆதர்சமாய் விளங்கியது. இதன் விளைவாகக் கோர்க்கியின் ஏனைய ஆக்கங்களும் 'தாய்' நாவலின் நிழலிலேயே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. 1913, 1914 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'குழந்தைப் பருவம்' இதற்கு நல்ல உதாரணமாகும். சுயசரிதை முத்தொகுதியின் முதற் பகுதியான இந்நூலைப் புரட்சிக்கு முந்திய ருசியச் சமூகத்தின் ஆவணமாகக் காண்பதே பொதுவழக்கு. அவ்வாறு காண்பது தவறன்று. ஆயின் அது போதுமானதுமன்று. இந்நூலின் மையத்தில் நிற்பது ஒரு குழந்தை. அக்குழந்தையைச் சுற்றி நிகழ்வது வீட்டினுள்ளே உறவினர் கைகளால் இழைக்கப்படும் வன்முறை. அவ்வன்முறை பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்கின்றது என்பதைக் கோர்க்கி எவ்வாறு சித்திரித்துள்ளார் என்பதையும், அச்சித்திரிப்பின் வலிமையும் குறையும் யாவை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காஷிரின் வீடு

கோர்க்கி 1868 ஆம் ஆண்டு வொல்கா நதிக்கரையிலுள்ள நீஷ்னி நொவ்கொரட் நகரிற் பிறந்தார். இயற்பெயர் அலெக்சி பெஷ்கொவ். 1871 இல் அஸ்த்ரகான் நகரில் தந்தை வாந்திபேதியால் இறக்கவே, சிறுவன் அல்யோஷா தாய் வர்வாராவுடன் பாட்டனின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். பாட்டன் வசீலி காஷிரின் சாயத் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர். மாமன்மார் மிகயிலும் யாக்கொவும் சொத்துப் பிரிவினைக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறும் நிலையில் இருக்கின்றனர். வர்வாரா திரும்பி வந்தது தன் சீதனப் பங்கைக் கேட்பதற்கே என்ற சந்தேகம் அவர்களின் பகைக்கு மேலும் எண்ணெய் வார்க்கின்றது. சனிக்கிழமைதோறும் மாலை வழிபாட்டுக்குச் செல்லுமுன் பாட்டன் அவ்வாரம் தவறிழைத்த பேரப்பிள்ளைகளைப் பிரம்பினால் விளாசுவது அவ்வீட்டின் வழமை.

இவ்வன்முறையைத் தனியொரு கிழவனின் கொடிய சுபாவமாக மாத்திரம் கோர்க்கி காட்டவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ருசியாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1861 ஆம் ஆண்டிலேயே. அல்யோஷா பிறக்க ஏழாண்டுகளுக்கு முன்புவரை கசையடி ஆண்டைக்குரிய உரிமையாய் இருந்தது. மனைவி மக்களை அடித்துத் திருத்துதல் வீட்டுத் தலைவனின் கடமை எனப் போதித்த 'தொமொஸ்த்ரோய்' என்னும் பதினாறாம் நூற்றாண்டு நூலின் மரபும் குடும்பங்களில் வேரோடியிருந்தது. பாட்டன் காஷிரின் தானும் இளமையில் வொல்கா நதியிற் படகுகளைக் கயிறு கட்டித் தோளால் இழுத்த கூலியாள். அடிபட்டு வளர்ந்தவன் அடிக்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறான். அவ்வளவே அவன் கண்ட உயர்வு. நூலின் சமூகவியற் பெறுமதி இங்கே தங்கியுள்ளது. ஆனால் கோர்க்கி இதனோடு நின்றுவிடவில்லை.

அடியும் அதன் பின்னரும்

பண்டிகைக்குரிய வெள்ளை மேசைவிரிப்பைச் சாயத்தில் தோய்த்துப் பார்க்கிறான் அல்யோஷா. சாயம் எவ்வாறு நிறத்தை மாற்றுகின்றது என்று அறியும் ஆவலே அவனைத் தூண்டியது. அவ்வாறு செய்யலாம் என யோசனை சொன்னவன் யாக்கொவின் மகன் சாஷா. சனிக்கிழமை மாலை அல்யோஷா மூர்ச்சையாகும்வரை அடிக்கப்படுகிறான். நோயுற்றுப் பல நாட்கள் குப்புறக் கிடக்கிறான்.

இந்நிகழ்ச்சியை விவரிக்கும்போது கோர்க்கி உடல்வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர் கவனம் முழுவதும் அதன்பின் உள்ளத்தில் நேர்ந்த மாற்றங்களிலேயே குவிகின்றது. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கன.

முதலாவது, தாயைப் பற்றிய நம்பிக்கையின் வீழ்ச்சி. அதுவரை வர்வாரா அவனுக்கு எவருக்கும் அஞ்சாத வலிமையின் உருவம். மகன் அடிபடும்போது அவள் அங்குமிங்கும் ஓடித் தவிக்கிறாளேயன்றித் தடுக்க இயலாதவளாய் நிற்கிறாள். அவளும் ஏனையோரைப் போலப் பாட்டனுக்கு அஞ்சுபவளே என்பது அவனுக்குப் புலனாகின்றது. வன்முறை நிகழும் வீட்டிற் பிள்ளை இழப்பது தன் உடலின் பாதுகாப்பை மாத்திரமன்று. தன்னைக் காக்க வல்லவர் எவரேனும் உளர் என்ற அடிப்படை நம்பிக்கையையும் இழக்கிறது. குழந்தையின் உளநலத்துக்குத் தாயுடனோ தாய்க்கு நிகரான ஒருவருடனோ நிலைத்த பிணைப்பு இன்றியமையாதது என ஜோன் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை வெளிவந்தது 1951 இல். அக்கருத்தின் மறுபக்கத்தை, அதாவது பிணைப்பு இருந்தும் அது பயனற்றுப்போகும் கணத்தை, கோர்க்கி நாற்பதாண்டுகளுக்கு முன்னரே ஒரு காட்சியில் தீட்டிவிட்டார்.

இரண்டாவது, மிகையான கூருணர்ச்சி. அந்நோய் நாட்களிலேயே தான் விரைந்து வளர்ந்துவிட்டதாகவும், இதயத்தின் தோல் உரிக்கப்பட்டது போன்று தனக்கும் பிறர்க்கும் நேரும் ஒவ்வொரு அவமதிப்பையும் தாங்கவொண்ணாத அளவுக்கு உணரத் தலைப்பட்டதாகவும் கோர்க்கி கூறுகிறார். வாசகர் பலர் இதனை ஓர் எழுத்தாளனின் பிறப்பாகக் கண்டு வியப்பர். உண்மையில் இது ஒரு காயத்தின் வருணனை. சுற்றியிருப்போரின் முகக்குறிப்பையும் காலடியோசையையும் ஓயாது அவதானித்து அடுத்த அடி எங்கிருந்து வரும் எனக் கணித்துக்கொண்டிருக்கும் விழிப்பு நிலையை இன்றைய உளமருத்துவர் வன்முறைக்குள்ளான பிள்ளைகளின் பிரதான இயல்புகளுள் ஒன்றாகக் கொள்வர். தெருவில் விடலைகள் பேதை இகோஷாவைத் துன்புறுத்தும்போதும், விலங்குகளை வதைக்கும்போதும் அல்யோஷா ஆவேசங்கொண்டு சண்டைக்குப் பாய்வதற்கும் இதுவே காரணம். பரிவும் மூர்க்கமும் அவனிடத்தே ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன.

மூன்றாவதே மிகச் சிக்கலானது. நோயுற்றுக் கிடக்கும் பேரனைப் பார்க்கப் பாட்டன் தின்பண்டங்களும் பழமும் கொண்டு வருகிறான். அருகிலமர்ந்து, அந்நியர் அடிப்பதே அவமானம், சொந்த உறவினர் அடிப்பது அவமானமன்று, அது படிப்பினை என்று உபதேசிக்கிறான். பின்னர் தான் படகிழுத்த காலத்துக் கதைகளைச் சொல்லத் தொடங்குகிறான். சொல்லச் சொல்ல அச்சிறிய கிழவன் சிறுவனின் கண்முன் மலைபோல் வளர்கிறான். அல்யோஷா அவன் செல்வதை விரும்பவில்லை. தன்னை மூர்ச்சிக்க அடித்தவனைக் குழந்தை நேசிக்கத் தொடங்கும் இக்கட்டத்தைக் கோர்க்கி எவ்வித விளக்கவுரையுமின்றி எழுதியிருப்பது அவரது கலைத்திறனுக்குச் சான்று.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம்மிடையேயும் ஒரு பழமொழி வழங்குகின்றது. பாட்டனின் உபதேசத்துக்கும் இதற்கும் வேறுபாடில்லை. அடியை அன்பின் வடிவமாக ஏற்கப் பழகிய குழந்தைக்குப் பின்னர் அன்பையும் வன்முறையையும் பிரித்தறிவது அரிதாகின்றது. வீட்டு வன்முறையின் ஆழமான தீங்கு தழும்பினும் இதிலேயே உள்ளது எனலாம்.

காண்பதால் நேரும் காயம்

அடிபடும் பிள்ளைகளைப் பற்றிய மருத்துவ ஆய்வு ஒப்பீட்டளவிற் பிந்தியதே. ஹென்றி கெம்பேயும் அவரது சகாக்களும் 1962 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே அது தனித் துறையாக வளர்ந்தது. தான் அடிபடாவிடினும் தாய் அடிபடுவதைக் காணும் பிள்ளையும் பாதிக்கப்பட்ட பிள்ளையே என்ற கருத்து வேரூன்ற மேலும் பல்லாண்டுகள் சென்றன. 'குழந்தைப் பருவம்' நூலிலோ அல்யோஷா அடிபடும் காட்சிகளைக் காட்டிலும் பிறர் அடிபடுவதை அவன் காணும் காட்சிகளே கனமானவை.

பாட்டன் பாட்டி அக்குலினாவின் தலையில் அடிக்க, கொண்டையூசி அவளது உச்சந்தலையிற் குத்தி நிற்கின்றது. அதனைப் பிடுங்கியெடுப்பவன் அல்யோஷா. பாட்டியோ வயது முதிர்ந்த பாட்டனின் துன்பங்களைச் சொல்லி அவன் சினத்துக்கு நியாயம் கற்பிக்கிறாள். மாமன் யாக்கொவ் தன் மனைவியை அடித்தே கொன்றவன் என்பதும் அவ்வீட்டில் எல்லோரும் அறிந்த ஒன்று. அதனை ஏன் என்று வினவும் சிறுவனுக்குக் கிடைக்கும் பதில்கள் தெளிவற்றவை. துன்பத்தை விடவும் அத்துன்பத்தைச் சூழ்ந்துள்ள மறைப்பே குழந்தையை அதிகம் குழப்புகின்றது. கண்ணால் கண்டதை வாயாற் சொல்லக் கூடாது என்னும் விதி வீட்டின் எழுதாச் சட்டமாகின்றது.

பாட்டியின் தலையிற் பட்ட அடிக்கு அல்யோஷா செய்யும் பழிவாங்கல் விசித்திரமானது. பாட்டன் போற்றும் திருநாட் படங்களை எடுத்து அவற்றிலுள்ள புனிதர்களின் தலைகளைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறான். பாட்டனை எதிர்க்க இயலாத குழந்தை பாட்டனுடைய கடவுளின் ஆட்களைத் தண்டிக்கிறது. அவன் உள்ளத்திற் பாட்டனின் கடவுள் வேறு, பாட்டியின் கடவுள் வேறு. முன்னையவர் கண்காணித்துத் தண்டிப்பவர். பின்னையவர் எல்லா உயிர்க்கும் இரங்குபவர். குடும்பத்தின் அதிகார அமைப்பு குழந்தையின் சமய உணர்வையே இரண்டாகப் பிளந்துவிடுவதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய படைப்புகள் அரிது.

வன்முறையின் உச்சம் நூலின் பிற்பகுதியில் வருகிறது. மறுமணம் செய்துகொண்ட வர்வாராவை இரண்டாம் கணவன் மக்சீமொவ் உதைப்பதைக் கண்ட சிறுவன், இறந்த தந்தையின் பொருள்களுள் எஞ்சியிருந்த ஒரே கத்தியை எடுத்து அவன் விலாவிற் குத்துகிறான். தாய் தள்ளிவிட்டதால் மக்சீமொவ் சிறு காயத்துடன் தப்புகிறான். அவனைக் கொன்று தானும் இறந்துவிடப் போவதாக அல்யோஷா தாயிடம் கூறுகிறான். ஒரு சிறுவன் வாயில் கொலையும் தற்கொலையும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறுவதை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. 'தாய்' நாவலின் தொடக்கத்திலும் பாவெல் தன் தந்தையின் கைக்கு எதிராகச் சுத்தியலைத் தூக்குகிறான். அங்கு அது எதிர்ப்புணர்வின் முதற் பொறியாக, நம்பிக்கை தருவதாக அமைகின்றது. இங்கோ அது ஒரு பிள்ளையின் முழுமையான நிர்க்கதியை உணர்த்துகின்றது. சுயசரிதையே நாவலைவிட உண்மைக்கு அண்மையில் நிற்கின்றது என்பது எம் கருத்து.

டிக்கன்ஸின் 'டேவிட் கொப்பர்பீல்ட்' (1849-50) நூலையும் இங்கு ஒப்புநோக்கலாம். மாற்றுத் தந்தை மேர்ட்ஸ்டன் பிரம்பால் அடிக்க, டேவிட் அவன் கையைக் கடிக்கிறான். ஐந்து நாட்கள் அறையில் அடைக்கப்படுகிறான். பின் பாடசாலையில் அவன் கடிப்பவன் என எச்சரிக்கும் அட்டை முதுகிற் கட்டப்படுகின்றது. பாதிக்கப்பட்ட பிள்ளையே குற்றவாளியாக முத்திரை குத்தப்படும் கொடுமையை டிக்கன்ஸ் மறக்கவொண்ணாதவாறு காட்டுகிறார். ஆனால் டிக்கன்ஸின் உலகிற் கொடியவர் கொடியவராகவும் நல்லவர் நல்லவராகவும் பிரிந்து நிற்பர். மேர்ட்ஸ்டனை டேவிட் ஒருபோதும் நேசிக்க வேண்டியதில்லை. அல்யோஷாவுக்கு அந்த ஆறுதல் இல்லை. யதார்த்தவாதத்தில் கோர்க்கி டிக்கன்ஸைத் தாண்டிச் செல்லும் இடம் இதுவாகும்.

இரு சாஷாக்கள்

'அடிபட்டு வளர்ந்ததாலன்றோ கோர்க்கி பெரும் எழுத்தாளரானார்' என்று வாதிப்போர் உளர். 'அடியாத மாடு பணியாது' என்பாரும் இவ்வாதத்தையே துணைக்கழைப்பர். நூலை ஊன்றிப் படிப்போர்க்கு இவ்வாதம் நிலைக்காது என்பது தெளிவாகும். ஏனெனில் அவ்வீட்டில் அடிபட்ட பிள்ளை அல்யோஷா ஒருவன் மாத்திரமல்லன்.

சாஷா என்ற பெயரில் இரு மைத்துனர் உளர். மிகயிலின் மகன் சாஷா வாய்பேசாது ஒதுங்கியிருப்பவன். யாக்கொவின் மகன் சாஷா பெரியோரை அண்டி வாழக் கற்றவன். மாமன் மிகயிலின் தூண்டுதலால், பார்வை மங்கிய தொழிலாளி கிரிகோரிக்கென விரலணியைச் சூடாக்கி வைத்தவன் இவன். அதில் தற்செயலாக விரலை நுழைத்துச் சுட்டுக்கொண்டவர் பாட்டன். அல்யோஷா அடிபட்ட அதே சனிக்கிழமை சாஷாவும் அடிபடுகிறான். அப்போது அவன், மேசைவிரிப்பு விடயத்தைச் சொல்லிக்கொடுத்தவன் தானே என அலறி மன்னிப்புக் கோருகிறான். காட்டிக்கொடுத்தவனுக்கே முதலடி என்று பாட்டன் மேலும் விளாசுகிறான். அச்சத்தின் ஆட்சியிற் பிள்ளைகள் ஒருவரையொருவர் விற்றுத் தப்ப முயல்வதையும், அவ்விற்பனையும் அவர்களைக் காப்பதில்லை என்பதையும் இச்சிறு காட்சி உணர்த்துகின்றது.

ஒடுங்குதல் ஒரு வழி. காட்டிக்கொடுத்தல் மற்றொரு வழி. அடிப்பவனைப் போலவே ஆகிவிடுதல் மூன்றாம் வழி. அன்னா பிராய்ட் 1936 இல் வெளியிட்ட தமது நூலில், தாக்குபவனோடு தன்னை ஒன்றாக்கிக் கொள்வதன் மூலம் குழந்தை தன் அச்சத்தை வெல்ல முயல்வதை விளக்கினார். மாமன்மார் இருவரும் அத்தகைய பிள்ளைகள் வளர்ந்த உருவமே. தந்தையின் பிரம்பின்கீழ் வளர்ந்த யாக்கொவ் மனைவியைக் கொல்கிறான். பின் கிற்றாரை மீட்டிக் கண்ணீர் விடுகிறான். அவன் மகன் சாஷா. மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன.

அல்யோஷாவும் காயமின்றித் தப்பியவனல்லன். கோர்க்கி 1887 டிசம்பரில் கசான் நகரிற் கைத்துப்பாக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிர்பிழைத்தவர். இதனைக் குழந்தைப் பருவத்தின் நேரடி விளைவாகக் கொள்வதற்கில்லை; அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் அடி மனிதனை உறுதியாக்கும் என்போர் இந்நிகழ்ச்சியையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

அவனைக் காத்தவை வேறு. பாட்டியின் கதைகளும் அணைப்பும் முதலிடம் பெறுவன. பிரம்புக்குக் குறுக்கே தன் கையை நீட்டி அடியைத் தானேற்ற த்சிகனோக் அடுத்தவன். தடித்து வீங்கிய அக்கையே, வன்முறையைத் தடுக்க ஒருவன் முன்வரலாம் என்பதற்கு அல்யோஷா கண்ட முதற் சான்று. 'நல்ல காரியம்' என்ற பட்டப்பெயருடைய, யாவராலும் ஒதுக்கப்பட்ட வாடகைக் குடியிருப்பாளன் சிறுவனைச் சமமாக மதித்துப் பேசுகிறான். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955 இற் பிறந்த 698 பிள்ளைகளின் வாழ்வைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த எம்மி வேர்னர், கடும் இடர்களிடையே வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றிலொரு பங்கினர் நன்னிலை எய்தியமையைக் கண்டார். அன்பும் நம்பிக்கையும் தரும் ஒருவரேனும் வாழ்விற் கிடைத்தமை அதற்கான காரணங்களுள் முக்கியமானது. அல்யோஷாவை மனிதனாக்கியது பிரம்பன்று. பிரம்பையும் மீறி அவனை வந்தடைந்த சில கைகளே.

நூலின் குறைபாடுகள்

இத்துணைச் சிறப்புகளும் உடைய நூலிற் குறைகளும் உண்டு. முதலாவது, பாட்டி அக்குலினாவின் பாத்திரப் படைப்பு. அவளது பொறுமையைக் கோர்க்கி காவியத் தன்மையோடு பாடுகிறார். அப்பொறுமையே வீட்டின் வன்முறை நிலைபெறத் துணைநிற்பதை அவர் காட்சிகளாற் காட்டியும் கருத்தால் ஏற்கத் தயங்குகிறார். இளமையில் ஈஸ்டர் நாளிற் பகல் முழுதும் அடிபட்டதை அவள் இயல்பாகச் சொல்லும் கதையிற் கதைசொல்லியின் வியப்பே மேலோங்குகிறது, விமர்சனம் மங்கிவிடுகிறது.

இரண்டாவது, பிற பிள்ளைகளின் மறைவு. இரு சாஷாக்களும் நூல் வளர வளர ஓரங்கட்டப்படுகின்றனர். சுயசரிதையில் இது ஓரளவு தவிர்க்கவியலாததே. எனினும் தப்பிய பிள்ளையின் குரலிலேயே முழுக்கதையும் கேட்கப்படுவதால், தப்பாதவரின் கதி வாசகர் மனத்தினின்று நழுவிவிடுகிறது. 'அடிபட்டதால் உயர்ந்தான்' என்ற பிழையான வாசிப்புக்கு நூலின் இவ்வமைப்பும் இடந்தருகிறது.

மூன்றாவதாக, கத்திக்குத்து நிகழ்ச்சியை அடுத்து ஆசிரியர் நேரடியாகக் குறுக்கிட்டு, இத்தகைய அருவருப்புகளை எழுதத்தான் வேண்டுமா என வினவி, வேருடன் களைவதற்கு வேரை அறிதல் வேண்டும் என விடையிறுக்கும் பகுதி விவாதத்துக்குரியது. கலைநோக்கில் இது ஓர் இடையீடே. ஆயினும் மறைப்பையே விதியாகக் கொண்ட வீடொன்றில் வளர்ந்தவன், கண்டதைச் சொல்வதற்குத் தனக்குள்ள உரிமையை நிலைநாட்டும் இடமாக இதனைக் கொண்டால், உருவக் குறையாகத் தோன்றுவது உள்ளடக்கத்தின் தேவையாகவும் தோன்றும்.

முடிவுரை

இந்நூலைச் சமூக ஆவணமாக மாத்திரம் வாசிப்போர் குழந்தையை மறந்துவிடுகின்றனர். உளவியற் குறிப்பேடாக மாத்திரம் வாசிப்போர் அடிமைமுறையையும் வறுமையையும் ஆணாதிக்கக் குடும்ப அமைப்பையும் மறந்துவிடுகின்றனர். பாட்டனின் கையிலுள்ள பிரம்பு வரலாற்றிலிருந்து வருகிறது. அது விழுவதோ ஒரு குறிப்பிட்ட குழந்தையின் முதுகில். இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் விமர்சன நோக்கே இத்தகைய படைப்புகளுக்குப் பொருத்தமானது.

இலங்கையில் வீட்டு வன்முறையைத் தடுத்தற்கான சட்டம் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை நம் நாடு 1991 இலேயே ஏற்றது. சட்டங்கள் அவசியமானவை. ஆனால் வீட்டில் நடப்பதை வெளியே சொல்லலாகாது என்ற எழுதாச் சட்டம் அவற்றைவிடப் பழமையானது. காஷிரின் வீட்டுக்கு மாத்திரம் உரியதுமன்று.

நம் கலைப்பீடத்திலிருந்து வெளியேறும் பட்டதாரிகளுட் கணிசமானோர் ஆசிரியராகச் செல்வர். அவர்கள் முன் அமரப்போகும் பிள்ளைகளிடையே ஒதுங்கியிருக்கும் சாஷாவும் இருப்பான். பிறரைக் காட்டிக்கொடுக்கும் சாஷாவும் இருப்பான். காரணமின்றிச் சண்டைக்குப் பாயும் அல்யோஷாவும் இருப்பான். முதலாமவனை மந்தன் என்றும், இரண்டாமவனைக் கள்ளன் என்றும், மூன்றாமவனை முரடன் என்றும் பெயரிட்டுப் பிரம்பை எடுப்பது இலகு. அப்பிள்ளைகள் எவ்வீட்டிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஒரு கணம் தாமதித்துச் சிந்திக்க இந்நூல் ஆசிரியர் ஒருவரையேனும் தூண்டுமாயின், கோர்க்கி தம் குழந்தைப் பருவத்தை எழுதியதன் பயன் நம் மண்ணிலும் கிட்டியதாகும். அந்நூலை அவர் தம் மகனுக்கே சமர்ப்பணம் செய்துள்ளார்.